"இது எங்க காலத்துலயே உள்ளதுதான் தம்பி!"

உழவர்களே, இந்த இதழின் பாடத்தை ஒரு சின்னக் கதையிலிருந்து தொடங்குகிறேன். கதை என்னுடையது, அதில் வரும் நட்டமும் என்னுடையதுதான்.

எங்கள் ஊர் பூவம். காரைக்கால் பகுதியின் வடகோடியில், தரங்கம்பாடி போகும் சாலையில் இருக்கிறது. காவிரியின் கடைமடை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கடைசியாக வந்து சேர்வது எங்களுக்குத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே உள்ள வயல்களெல்லாம் வடிக்கும் தண்ணீர் வந்து தேங்குவதும் எங்களிடம்தான்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சம்பாப் பட்டம். மழை விட்டு விட்டுப் பெய்து, வானம் மூடியே கிடந்தது. பயிரில் இலைச்சுருட்டுப் புழு இறங்கிவிட்டது. இலையை நீளவாக்கில் மடித்து ஒட்டிக்கொண்டு உள்ளே இருந்து பச்சையத்தைச் சுரண்டித் தின்னும் புழு அது. வயல் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. நான் பூச்சிமருந்தை விட்டு அப்போது மூன்றாவது வருடம். வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தால் மறுநாள் மழை கழுவிவிடுகிறது. என்ன செய்வதென்று வரப்பில் உட்கார்ந்திருந்தபோது, வேலிக்கு வெட்டிப் போட்டிருந்த கருவை முள் கண்ணில் பட்டது. ஒரு நீளக் கயிற்றில் முள் கொத்துகளை வரிசையாகக் கட்டினேன். நானும் தம்பியும் எதிரெதிர் வரப்பில் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, பயிரின் தலையை உரசும்படி இழுத்துப் போனோம். மடிந்த இலைகள் பிரிந்தன. புழு தண்ணீரில் விழுந்தது. மிச்சத்தைக் கொக்கும் கரிச்சானும் பார்த்துக்கொண்டன. நாலு நாள் கழித்து இன்னொரு தடவை இழுத்தோம். பயிர் தேறிவிட்டது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. செலவே இல்லாமல் ஒரு முறையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். "முள் கயிறு முறை" என்று அதற்குப் பேரும் வைத்தேன். இந்த இதழுக்கு எழுதி அனுப்பப் படம்கூட வரைந்து வைத்திருந்தேன்.

அடுத்த சம்பாவில் எல்லா வயலிலும் இழுத்தேன். அதில் ஒரு மா நிலத்தில் முன்னதாக நட்ட பயிர். (டெல்டா அல்லாத நண்பர்களுக்கு: ஒரு மா என்பது சுமார் 33 சென்ட். 20 மா சேர்ந்தது ஒரு வேலி.) அந்தப் பயிர் அப்போதுதான் கதிர் வாங்கிப் பூத்துக்கொண்டிருந்தது. காலை பத்து மணிக்கு முள்ளை இழுத்தேன். அறுப்பில் அந்த ஒரு மாவில் பாதிக்குமேல் பதர்.

எங்கள் குழுவின் மாதக் கூட்டத்தில் என் முறையைப் பற்றிப் பேசினேன். ஜெயித்த கதையை மட்டும் சொன்னேன், பதரானதைச் சொல்லவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருவர், ஐம்பது வருடமாக நடவு, களை என்று வயலிலேயே கிடந்தவர், சிரித்துவிட்டார்.

"இது எங்க காலத்துலயே உள்ளதுதான் தம்பி. எங்க மாமனாரு இலந்த முள்ளக் கட்டி இழுப்பாரு. கயிறு இழுக்கறதும் உண்டு. ஆனா ஒண்ணு, கதுரு வந்துட்டா இழுக்கப்படாது. பூவு உதுந்து பதராப் போயிரும்."

"அப்புறம் ஏன் பெரியம்மா விட்டுட்டீங்க?"

"மருந்து பம்பு வந்துச்சு, விட்டாச்சு. ஒருத்தன் அடிச்சா போதுமுன்னு ஆச்சு. இலந்த மரமும் வெட்டியாச்சு. யாரு கேட்டா இதையெல்லாம்?"

என் முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து புரண்டு புரண்டு படுத்தேன். முதலில் வலித்தது பெருமை போனதுதான். இரண்டு நாள் கழித்துத்தான் அசல் வலி புரிந்தது. அந்தப் பெரியம்மா என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். ஒரு வாய் வெற்றிலை போடுகிற நேரத்தில் கேட்டிருக்கக்கூடிய பாடத்தை, ஒரு மா நெல்லைக் கொடுத்துப் படித்திருக்கிறேன்.

பிறகு தேடிப் பார்த்தால் இது அச்சிலும் இருக்கிறது. நெல் பயிர்ப் பாதுகாப்புக் கையேடுகளில், இலைச்சுருட்டுப் புழுவுக்கு முள் கிளை இழுப்பதும், கூண்டுப்புழுவுக்குக் கயிறு இழுப்பதும் வெகு நாளாகச் சொல்லப்படும் முறைகள். வேளாண்மை படித்த நண்பர் ஒருவர் இன்னொன்றும் சொன்னார்: பாக்டீரியா இலைக்கருகல் இருக்கும் வயலில் இழுக்கவே கூடாது, முள் கீறிய காயம் வழியாக நோய் வயல் முழுக்கப் பரவும். இதைப் பெரியம்மா சொல்லவில்லை, எனக்கும் தெரியாது.

நம் இயக்கத்தில் நிறையப் பேருக்கு இந்த அனுபவம் இருக்கும். ஒன்றை நாமே கண்டுபிடித்ததாக நினைப்போம், அது முன்பே இருந்தது என்று தெரிய வரும். அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தப் பாடம்.

ஒற்றை நாற்று எத்தனை தடவை பிறந்தது?

இன்று "ஒற்றை நாற்று நடவு", "செம்மை நெல் சாகுபடி", "திருந்திய நெல் சாகுபடி" என்று பல பேரில் சொல்லும் முறையை எடுத்துக்கொள்வோம். இது மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது என்றுதான் நமக்குச் சொல்லப்பட்டது. அது பொய்யில்லை. பிரெஞ்சுப் பாதிரியார் ஹென்றி தெ லோலானியே 1961இல் அந்தத் தீவுக்குப் போனார். அங்கே ஏழை உழவர்களோடு இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தார். சில உழவர்கள் குத்துக்கு ஒரே நாற்று வைப்பதையும், சிலர் வயலில் எப்போதும் தண்ணீர் கட்டாமல் இருப்பதையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். 1983ஆம் ஆண்டுப் பருவத்தில், 15 நாளே ஆன நாற்றை நட வேண்டிய நிலை வந்தது. பயிர் கெட்டுப்போகும் என்று நினைத்த இடத்தில் அது தூர் வெடித்துத் தள்ளியது. இளநாற்று, ஒற்றை நாற்று, சதுர இடைவெளி, காய்ச்சலும் பாய்ச்சலும், களைக்கருவியால் மண்ணைக் கிளறுவது எல்லாம் சேர்ந்து அந்த முறை உருவானது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோவையில் 2000ஆம் ஆண்டில் இதைச் சோதிக்கத் தொடங்கியது. 2003-04இல் காவிரிப் படுகையிலும் தாமிரபரணிப் படுகையிலும் நூறு நூறு உழவர் வயல்களில் செய்து பார்த்தார்கள். பிறகுதான் அது ஊர் ஊராகப் பரவியது.

ஆனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 1911ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் ஒற்றை நாற்று நடவைப் பற்றியும், இடைவெளி விட்டு வரிசையாக நடும் "கஜ நடவு" பற்றியும் எழுதிப் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்கு நாற்பது வருடம் கழித்து, 1953 முதல் "ஜப்பான் முறை நெல் சாகுபடி" என்று அரசே நாடு முழுக்கப் பிரச்சாரம் செய்தது. மேட்டுப்பாத்தி நாற்றங்கால், குறைந்த விதை, வரிசை நடவு, உருளும் களைக்கருவி எல்லாம் அதில் இருந்தன. நம் தாத்தாக்களில் பலருக்கு அந்தப் பேர் ஞாபகம் இருக்கும்.

ஆக, நம் மண்ணில் 1911இல் எழுதப்பட்டதை, 1953இல் ஜப்பான் பேரில் ஒரு தடவையும், 2000த்துக்குப் பிறகு மடகாஸ்கர் பேரில் இன்னொரு தடவையும் புதிதாகக் கற்றுக்கொண்டோம்.

"அப்படியானால் லோலானியே பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் எங்கள் பாட்டன் செய்ததுதான்" என்று மார் தட்டலாமா? கூடாது. 14, 15 நாள் இளநாற்றும், தண்ணீரை வற்ற விட்டுக் கட்டுவதும் சேர்ந்தால் வேர் எப்படி ஓடும், தூர் எத்தனை கட்டும் என்று வருடக்கணக்காகப் பார்த்து, எண்ணி, எழுதி, ஒரே முறையாகக் கோத்துக் கொடுத்தவர் அவர். ஏக்கருக்கு 3 கிலோ விதை, 1 சென்ட் நாற்றங்கால் போதும் என்று இன்று நாம் தைரியமாகச் சொல்வது அந்த வேலையால்தான். முன்பு இருந்தவர்கள் ஒரு துண்டைப் பிடித்தார்கள், பின்னால் வந்தவர் இன்னும் சில துண்டுகளைச் சேர்த்தார். இடையில் நாம்தான் நூலை அறுத்துவிட்டோம். அறுந்ததற்கு விலை, ஏக்கருக்கு 25, 30 கிலோ என்று இத்தனை வருடம் கொட்டிய விதை.

பூவத்துக்கு வந்த பிறகு

பழைய யோசனை நம் வயலுக்கு வரும்போது நமக்கும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. ஒற்றை நாற்றையே பாருங்கள். குறுவையில், கோடை வெயிலில், தண்ணீரை வைத்தும் வடித்தும் கட்டுப்படுத்த முடிகிற வயலில் புத்தகம் சொன்னபடி 14 நாள் நாற்றை நடலாம். ஆனால் எங்கள் கடைமடைச் சம்பாவில் காய்ச்சலும் பாய்ச்சலும் நம் கையில் இல்லை. மழை பாய்ச்சும், காய்ச்ச ஆளில்லை. 14 நாள் நாற்று ஒரே இரவு மழையில் மூழ்கிவிடும். அதனால் நாங்கள் சம்பாவில் 20, 22 நாள் நாற்றை, மேட்டு வயலில் ஒன்றாகவும் பள்ளத்தில் இரண்டாகவும் வைக்கிறோம். கடலோரக் களியில் கோனோவீடர் உருள வேண்டுமென்றால் விரல் கனத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் சக்கரத்தில் மண் அப்பிக்கொள்ளும், அதிகமானால் களை மிதந்து மறுபடி வேர் பிடிக்கும்.

இதெல்லாம் 1911இலும் எழுதப்பட்டிருக்காது, மடகாஸ்கரிலும் எழுதப்பட்டிருக்காது. பூவத்து வயலில் நிற்கிறவர்தான் எழுத வேண்டும். "முன்பே இருக்கிறது" என்று தெரிந்தவுடன் வாயை மூடிக்கொள்கிறவர், தன் பங்கை எழுதாமலே விட்டுவிடுகிறார்.

"முன்பே உள்ளது" என்பது நமக்குக் காவல்

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு யோசனை முன்பே இருந்தது என்று காட்ட முடிவது, உழவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

1994இல், வேப்ப எண்ணெயால் பயிர்ப் பூஞ்சாணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, அமெரிக்க வேளாண் துறைக்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் ஐரோப்பியக் காப்புரிமை கிடைத்தது. நம் வேம்புக்கு அவர்கள் பேரில் பத்திரம்! வந்தனா சிவாவும், ஐரோப்பியப் பசுமைக் கட்சியைச் சேர்ந்த மக்தா ஏல்வோட்டும், உலக இயற்கை வேளாண் இயக்கங்களின் கூட்டமைப்பும் 1995இல் வழக்காடினார்கள். 2000இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியானது. காயத்துக்கு மஞ்சள் தடவுவதற்கு 1995இல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையும் இப்படித்தான் 1997இல் ரத்தானது. அதை எதிர்த்தது நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம். அது காட்டிய சான்றுகளில் பழைய நூல்களோடு 1953இல் ஓர் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரையும் உண்டு.

இந்த வழக்குகளில் "எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்" என்ற பேச்சு மட்டும் போதவில்லை. யார், எப்போது, எப்படிச் செய்தார் என்ற சான்று தேவைப்பட்டது. இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 2001இல் மரபறிவு மின் நூலகம் தொடங்கி, தமிழ்ச் சித்த மருத்துவ நூல்கள் உட்படப் பல நூல்களின் செய்திகளை உலகக் காப்புரிமை அலுவலகங்கள் பார்க்கும்படி தொகுத்தார்கள். நம் நாட்டின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமும் 3ஆம் பிரிவில், உழவு முறைக்கும் மரபறிவுக்கும் காப்புரிமை கிடையாது என்று சொல்கிறது.

ஆகவே, பெரியம்மா சிரித்தபோது என் பெருமை போனது உண்மை. ஆனால் "இலந்த முள்ளு, எங்க மாமனாரு" என்று அவர் சொன்ன சொல்லை நான் தேதி போட்டு எழுதி வைத்தால், நாளைக்கு எவரும் அந்தக் கயிற்றைத் தன் சொத்து என்று சொல்ல முடியாது.

பழசு என்பதாலேயே சரியாகிவிடாது

இதில் நம்மவர்கள் வழக்கமாகத் தவறும் இடம் ஒன்று உண்டு. "பாட்டன் செய்தார், ஆகவே சரி" என்று கண்ணை மூடிக்கொள்வது. கூண்டுப்புழுவுக்குக் கயிறு இழுக்கும்போது வயல் தண்ணீரில் மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கமும் இருந்தது. கையேடுகளிலும் இருக்கிறது. இயற்கை உழவர் அதைச் செய்ய முடியாது. கயிற்றை இழுத்துவிட்டுத் தண்ணீரை வடித்தால் கூடோடு புழுவும் போய்விடும், அந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய யோசனையையும் புது யோசனையைப் போலவே வயலில் சோதிக்க வேண்டும்.

யோசனை வந்தால் என்ன செய்வது?

எங்கள் குழுவில் இப்போது கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது. உங்கள் குழுவிலும் செய்து பாருங்கள்.

முதலாவது, கேளுங்கள். யோசனை வந்த வாரத்திலேயே மூன்று பேரிடம் கேட்க வேண்டும். ஒருவர் அறுபது வயது தாண்டிய உழவர். ஒருவர் நடவு, களை எடுக்கும் பெண். வயலில் குனிந்தே நிற்கிறவர் என்பதால் பயிரின் அடியில் நடப்பது அவருக்குத்தான் தெரியும். இன்னொருவர் வேறு தொழிலில் இருப்பவர்: கிடை போடுகிறவர், வாத்து மேய்ப்பவர், மீன்பிடிப்பவர். "நான் ஒண்ணு கண்டுபிடிச்சேன்" என்று போகாதீர்கள். "இந்த மாதிரி யாராவது செஞ்சு பார்த்திருக்கீங்களா?" என்று போங்கள்.

இரண்டாவது, அச்சில் தேடுங்கள். வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் வேளாண் கல்லூரி நூலகத்துக்கும் ஒரு நடை போய்வரலாம். எங்களுக்கு மாதூரும் செருமாவிலங்கையும் பக்கம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய தமிழ் இதழ்களும் நூல்களும் ஏராளமாக இருக்கின்றன. வீட்டுப் பிள்ளைகளைத் தேடித் தரச் சொல்லுங்கள்.

மூன்றாவது, முன்பே இருப்பது தெரிந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். அவர்கள் செய்ததும் நான் செய்வதும் எதில் ஒன்று? அவர்களுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது என்ன? என் மண், தண்ணீர், பட்டம் எதில் வேறு? அவர்கள் ஏன் விட்டுவிட்டார்கள்? நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஆள் கூலி கட்டாமல் விட்டார்களா, குத்தகை மாறியதால் விட்டார்களா, விளைச்சல் குறைந்து விட்டார்களா என்று தெரிந்தால்தான் நாம் தொடரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியும்.

நான்காவது, சின்னதாகச் சோதியுங்கள். 5 சென்டில் புது முறை, ஒட்டிய 5 சென்டில் வழக்கமான முறை. ஒரே ரகம், ஒரே நாள் நடவு, ஒரே உரம். முள் இழுப்பதாக இருந்தால் இழுப்பதற்கு முன்னும், இழுத்த ஐந்தாம் நாளும் இரண்டு பக்கமும் 20 குத்தில் மொத்த இலையையும் சுருண்ட இலையையும் எண்ணுங்கள். தூர் கட்டும் பருவத்தில் நூறு இலைக்குப் பத்து வரை சுருண்டிருந்தால் பயிரே தாங்கிக்கொள்ளும், ஒன்றும் செய்ய வேண்டாம். கண்ணாடி இலை வந்த பிறகு நூற்றுக்கு ஐந்து தாண்டினால் கவனிக்க வேண்டும். அப்போது முள் வேண்டாம், ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து 200 லிட்டர் கரைசலாக மாலையில் தெளியுங்கள். அறுப்பில் இரண்டு துண்டையும் தனித்தனியாகத் தூற்றி எடை போடுங்கள். 5 சென்ட் எடையை இருபதால் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வந்துவிடும்.

ஐந்தாவது, எழுதுங்கள். தேதி, ரகம், நாற்றின் வயது, மண், தண்ணீர், மழை, செய்தது, எண்ணியது, எடை, செலவு. தோற்றதையும் எழுத வேண்டும். என் ஒரு மா பதரை அன்று கூட்டத்தில் நான் மறைத்தேன். பெரியம்மா பேசாமல் இருந்திருந்தால், கேட்டுப் போன இருபது பேரில் நாலு பேராவது பூக்கும் பயிரில் முள்ளை இழுத்திருப்பார்கள்.

ஆறாவது, பேர் சொல்லுங்கள். யாரிடம் கேட்டோம், எதில் படித்தோம் என்பதைச் சொல்லிவிட்டு, "இதில் நான் சேர்த்தது இவ்வளவு" என்று சொல்லுங்கள். இந்தூரில் மட்கு உரம் தயாரிக்கும் முறையை உருவாக்கிய ஆல்பர்ட் ஹோவர்ட், 1905இல் இந்தியாவுக்கு வந்த ஆங்கில அரசின் விஞ்ஞானி. இந்திய உழவர்களே தனக்கு ஆசிரியர்கள் என்று அவர் வெளிப்படையாக எழுதினார். அதனால் அவர் பேர் குறைந்துவிடவில்லை. இன்றும் இயற்கை வேளாண்மை என்றால் அவரைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

என் முள் கயிறு இப்போதும் வேலை செய்கிறது. கட்டும் கயிற்றை மாற்றிவிட்டேன். நைலான் கயிறு பயிரை அறுக்கிறது, தேங்காய் நார்க் கயிறு நனைந்து கனத்தால் முள் சரியான உயரத்தில் படிகிறது. தூர் கட்டும் பருவத்தில் மட்டும், இலைக்கருகல் இல்லாத வயலில் மட்டும் இழுக்கிறேன். நார்க் கயிற்று விஷயத்தைப் பெரியம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"மாமனாரு வைக்கப்பிரியில கட்டுவாரு, அறுந்து அறுந்து போவும். நாரு நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

அதை அப்படியே என் குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் எந்த முள்ளை, எந்தக் கயிற்றில் கட்டி இழுத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள், அடுத்த இதழ்களில் சேர்த்துக்கொள்வோம்.